காசில் இருந்த இரண்டு எழுத்து

ஜூன் 12, வியாழன்

காலையில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வேலுமாணிக்கம், நூல் வியாபாரி, சாதிச் சங்கத்தின் தலைவர். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காசை எடுத்து, பிரசாதம் கொடுப்பதுபோல் என் உள்ளங்கையில் வைத்தார்.

"மேடம், நீங்க மியூசியத்துல தானுங்களே இருக்கறீங்க. இது எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லுங்க. ஆத்தோரம் சங்கக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுறப்ப கெடச்சுதுங்க."

வெண்கலம். முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஒரு தலை. மறுபக்கம் தோளில் துணி போட்டு நிற்கும் ஒரு ஆள். ஒரு கையில் சூலம், மறு கையில் துள்ளும் டால்பின். இந்த வேலைக்கு வந்தபின் தேய்ந்துபோன சில்லறைகளைத்தான் பார்த்திருக்கிறேன். அமராவதிக் கரையில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ரோமாபுரிக் காசுங்க. இரண்டாயிரம் வருஷம் இருக்கும். இது அவங்க கடல் சாமி, நெப்டியூன்."

"சூலம் வெச்சுருக்கறானுங்களே?"

"கடல் சாமிக்கும் சூலம் உண்டு."

"மீனும் வெச்சுருக்கறான்."

"அது டால்பின்."

"மீன் தானுங்களே?"

டால்பின் மீன் இல்லை என்று விளக்கப் போனேன். ஒரு நூல் வியாபாரிக்குக் காலை வேளையில் விலங்கியல் எதற்கு? விட்டுவிட்டேன். மண்ணுக்குள் கிடைத்ததைத் தாலுகா அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அது சட்டம் என்று சொன்னேன். "ஒப்படைச்சுரலாம், ஒப்படைச்சுரலாம்" என்று காசை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

நானே தாலுகாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. நாளை பார்க்கலாம். ஞாயிறு அப்பா வருகிறார். கட்டில் இன்னும் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். அரக்கோணத்திலிருந்து அவ்வளவு தூரம் உட்கார்ந்தே வந்திருக்கிறார். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். எதிர்ச் சந்தில்தான் ஆஸ்பத்திரி. அதற்காகத்தான் இந்தக் கீழ் வீடு.

கருவேலந்துறையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். இங்கே யாரும் சாதி கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். "குலதெய்வம் எதுங்க?" என்றுதான் கேட்பார்கள். சாமி பெயரைச் சொன்னால் அது நிற்கும் தெரு தெரியும், தெரு தெரிந்தால் வீடு காலியாக இருப்பதும் இல்லாததும் தெரியும். வேலுமாணிக்கம் கேட்டபோது "கங்கையம்மன்" என்றேன். எங்கள் பக்கம் கங்கையம்மன் இல்லாத தெரு கிடையாது. பாவம், அதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "மொகத்தப் பாத்தாலே தெரியுதுங்க, நம்மள மாதிரி ஆளுங்கன்னு" என்று சாவியைக் கொடுத்தார். நான் சிரித்தேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலும் கங்கையம்மன் இருக்கிறாள். அந்தத் தெரு ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம், காலனியில் இருக்கிறது என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது மாத்திரையை அல்ல, படத்தை. நீலக் கோட்டு, கையில் புத்தகம், கண்ணாடி போட்ட சட்டம். எங்கே மாட்டலாம் என்று சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்பா."

"இன்னாமா, காலண்டரு மாட்டிக்கிறியே?"

"அது ஏற்கனவே இருந்த ஆணி."

"அப்ப காலண்டர எறக்கு."

படம் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. தூசு படாது. யாராவது கேட்டால் கங்கையம்மன், ரயில்வே, அதற்குமேல் எதுவும் பேச வேண்டாம் என்று சொன்னேன். அவர் உடம்புக்காகத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"ரிடையராவுற வரிக்கும் ரயிலுக்குப் பச்சக் கொடி காட்டினவன் நானு. இப்ப எம் பொண்ணு எனுக்கு செவப்புக் கொடி காட்டுது" என்றார். கட்டில் சாயங்காலம்தான் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

உப்பில்லாத ரசம். "இதுக்கு வெந்நியே குடிக்கலாமே" என்றார் அப்பா. சரிதான்.

ஜூன் 23, திங்கள்

சங்கத்துக்கு ஒரு ஆய்வாளர் இருக்கிறார். பெயர் ஆய்வுச்செம்மல் குமரிநாடன். ஆய்வு செய்யாத நேரத்தில் இன்சூரன்ஸ் பிடிக்கிறார். என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தலை இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அக்ரிப்பா.

"அக்ரிப்பா ஒரு தளபதிங்க. சக்கரவர்த்தியோட மருமகன். இது அவர் தலை" என்றேன்.

ஆய்வுச்செம்மல் என்னைப் பார்த்து, பாலர் வகுப்பு வாத்தியார்போல் சிரித்தார். "வெள்ளைக்காரன் எழுதினதைப் படிச்சவங்க அப்படித்தாம்மா சொல்வாங்க. பிரிச்சுப் பாருங்க. அ, கிரி, அப்பா. 'அ' சுட்டெழுத்து. அந்தக் கிரிக்கு அப்பன். மலைக்கு அப்பன் யாரு?"

"ஈஸ்வரன்!" என்று வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போட்டு, இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று மகிழ்வதை இன்றுதான் பார்த்தேன். 'கிரி' வடசொல் ஆயிற்றே என்றேன். அது நம்மிடமிருந்து வடவர் திருடியது என்றார். பதிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்போல.

ஆக, சூலம் பிடித்தவர் சிவன். கையில் இருப்பது பாண்டியனின் மீன். சங்கத்தின் நிலத்தில் கிடைத்ததால் இதை அச்சடித்தவர் சங்கத்தின் பாட்டன். எனவே இவர்கள் ஆண்ட பரம்பரை. ஆடிப் பதினெட்டு அன்று மண்டபத்தில் குலச்சின்ன வெளியீட்டு விழா. இவர்கள் சாதியின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தப் பெயரை எழுதினாலும் இந்தப் பக்கத்தில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது.

இந்த நாட்டில் ஆளாத சாதியே கிடையாது. இத்தனை பேரும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தால் உழுதது யார், சுமந்தது யார், செத்த மாட்டைத் தூக்கியது யார் என்று ஒரு ஆய்வுச்செம்மலும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவி ரத்தினாக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். நல்ல காபி.

ஜூலை 1, செவ்வாய்

தாலுகாவுக்கான கடிதம் இன்றும் போகவில்லை. ஆபீஸ் பிரிண்டரில் மை இல்லை.

ஜூலை 11, வெள்ளி

கொலை. வேறு சொல் இல்லை.

ரத்தினாக்கா, வெள்ளிக்கிழமை என்பதால் குத்துவிளக்கு, சொம்பு, மணி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். கூடவே காசையும். "சாமி உருவம் இருக்குதில்ல கண்ணு, அழுக்காக் கெடக்கலாமா?" இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்து ஏறிய பச்சையை ஒரு நெல்லிக்காய் அளவு புளி முடித்துவிட்டது. புதுக் குழாய்போல் மின்னுகிறது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, பக்தியில் கண் கலங்குகிறேன் என்று நினைத்துத் திருநீறு கொடுத்தார். பூசிக்கொண்டேன்.

புளியின் புண்ணியத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. கடல் சாமியின் இடப்பக்கம் ஒரு எழுத்து, வலப்பக்கம் ஒரு எழுத்து. எஸ். சி. அந்தக் கால ரோமாபுரி வெண்கலக் காசுகளில் சாதாரணமாக இருப்பதுதான். செனட் சபையின் ஆணைப்படி அடித்தது என்று அர்த்தம். நம் ரூபாய் நோட்டில் கையெழுத்து இருப்பதுபோல்.

"இதென்னங்க, ரெண்டு பக்கமும் இங்கிலீசு எழுத்து?" என்றார் வீட்டுக்காரர். நான் வாய் திறப்பதற்குள் ஃபிளெக்ஸ் கடையிலிருந்து போன் வந்துவிட்டது. படம் எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று கேட்டான். "எவ்ளோ பெருசு முடியுமோ அவ்ளோ பெருசு" என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். காது கொடுக்காதவனுக்குச் சொல்வானேன் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

பஸ் ஸ்டாண்டு முன்னால் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. இரண்டு மாடி உயரத்துக்குக் கடல் சாமி, காலடியில் கைகூப்பிய வேலுமாணிக்கம், மேலே 'ஆண்ட பரம்பரையின் அழியாச் சான்று'. சாமிக்கு இந்தப்பக்கம் ஆள் உயரத்துக்கு எஸ். அந்தப்பக்கம் ஆள் உயரத்துக்கு சி.

மத்தியானத்துக்குள் ஊரே போனில் பார்த்துவிட்டது. யாரோ படம் பிடித்துக் கீழே எழுதியிருக்கிறார்கள்: 'எங்களோடு சேர்ந்தமைக்கு மனமார்ந்த வாழ்த்துகள். சாதிச் சான்றிதழுக்கு கிராம நிர்வாக அலுவலரை அணுகவும்.'

டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த அப்பாவிடம் காட்டினேன். சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, கட்டில் ஆடியது. இந்த ஊருக்கு வந்தபின் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"மெதுவாப்பா, மேல கேக்கும்" என்றேன். நிறுத்திவிட்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுச் சிரித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே வீட்டுக்காரரும் ஆய்வுச்செம்மலும் என் வீட்டுக் கூடத்தில். அப்பா உள்ளறையில் ரேடியோவை அணைத்தது கேட்டது.

"எஸ் என்றால் சிவ. சி என்றால் சின்னம். சிவசின்னம்" என்றார் ஆய்வுச்செம்மல்.

"ஏனுங்க, சிவனுக்கு எஸ் போட்டவன் சின்னத்துக்கு மட்டும் சி போடுவானுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"சரி, சேரன், சோழன்."

"மீனப் புடிச்சுட்டுப் பாண்டியன் பாண்டியன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சுருக்கறோம். இப்ப பாண்டியன் எங்கீங்க போனான்?"

ஆய்வுச்செம்மல் முதல்முறையாகப் பதிலுக்குச் சட்டைப்பையில் தேடினார். இல்லை. ஃபிளெக்ஸில் இரண்டு எழுத்தையும் கம்ப்யூட்டரில் அழித்துப் புதிதாக அடித்தாகிவிட்டதாம். காசில்தான் பிரச்சினை. விழாவில் ஆயிரம் பேர் கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

"பத்தர்கிட்டக் குடுத்து ரெண்டு எழுத்தையும் அரத்துல ராவிப் போடலாம்னு இருக்கறேன்" என்றார் வீட்டுக்காரர்.

நான் கத்திவிட்டேன். அது அரசாங்கச் சொத்து, கை வைத்தால் ஜெயில் என்றேன். இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். மியூசியம் மேடத்துக்குக் குரல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் தணிந்து வந்தார்.

"அப்ப நீங்க மேடையேறி, அது அந்த எஸ்.சி. இல்லீன்னு வெவரமாச் சொல்லிப்போடுங்க. படிச்சவங்க சொன்னா சனம் கேக்கும். இல்லீன்னா ராவறதத் தவிர வேற வழியில்லீங்க. காலனிக்காரனுங்க சிரிக்கறானுங்க மேடம். நேத்து வரைக்கும் நம்ம வாசல்ல கைகட்டி நின்னவனுங்க. நம்ம மானம் போகுதில்லீங்களா?"

நம்ம. எத்தனை தாராளமாக என்னைச் சேர்த்துக்கொண்டார் பாருங்கள். சரி, வருகிறேன் என்றேன். காசைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே போனபோது அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காபி நல்லா போட்டுக் குடுத்தியா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். உப்பில்லாததால் இருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரயில் கதை கேட்கிறார். இன்று இளநீர் சீவிக் கொண்டுவந்தார். டயாலிசிஸ்காரர்களுக்கு இளநீர் விஷம். அப்பா மரியாதையாக வாங்கி, அவர் திரும்பியதும் செம்பருத்திக்கு ஊற்றினார். இந்த ஊரில் அன்பையும் இப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"அப்பாவுங்க, விழாவுக்கு நீங்க முன்வரிசைங்க. ஆமா, உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். மனப்பாடம் ஒப்பிக்கும் பையனைப்போல் "கங்கையம்மன்" என்றார். "ரயில்வே" என்றும் சேர்த்துச் சொன்னார், கேட்காமலே.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். விழாவில் எல்லாரும் என்ன செய்கிறார்களோ அதையே செய்தால் போதும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன். எழுந்தால் எழ வேண்டும், தட்டினால் தட்ட வேண்டும். "சரிம்மா" என்றார். இப்போதெல்லாம் எதற்கும் "சரிம்மா"தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆற்றில் பெருக்கு. பெண்கள் முளைப்பாரி விட்டுவிட்டு அப்படியே மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வாசலில் எழுத்தில்லாத புது ஃபிளெக்ஸ். மேடையில் வெள்ளித் தாம்பாளம், பட்டுத்துணி, அதன்மேல் புளிபோட்டுத் துலக்கிய காசு. கற்பூரம் காட்டினார்கள். கப்பல்காரன் கும்பிட்ட சாமிக்கு நூல் வியாபாரி சூடம் கொளுத்துகிறான். அந்தச் சாமி என்ன நினைத்திருக்கும் என்று யோசித்தேன். மூன்று மாலை, இரண்டு தலைப்பாகை, ஒரு மரவாள் இதெல்லாம் வீட்டுக்காரருக்கு. ஆய்வுச்செம்மல் அ, கிரி, அப்பாவைப் பிரித்துக் காட்டினார், கூட்டிக் காட்டினார். அப்பா முன்வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு என்னிடம் மைக். உண்மையைத்தான் சொன்னேன். இது ரோமாபுரிக் காசு, தலை அக்ரிப்பா என்ற தளபதியுடையது, சூலம் வைத்திருப்பது கடல் தெய்வம், எஸ், சி என்பது செனட் சபையின் ஆணைப்படி என்பதன் சுருக்கம், மிளகு வாங்க வந்த கப்பல்காரர்கள் கொண்டுவந்தது. சிவனும் இல்லை, பாண்டியனும் இல்லை. இந்த ஊரில் யாருடைய பாட்டனும் இதை அடிக்கவில்லை.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். பாட்டனைப் பறித்துவிட்டேன், சாமியைப் பறித்துவிட்டேன். யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்ப, இது அந்த எஸ்.சி. இல்லீங்க?"

"இல்லைங்க."

"நல்லாக் கேட்டுக்குங்க! மியூசியம் மேடமே சொல்லிட்டாங்க! அது இல்லவே இல்லையாம்!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். விசில். ஒரு கிழவர் துண்டைச் சுழற்றினார். அ, கிரி, அப்பாவுக்குக் கிடைத்ததைப்போல் பத்து மடங்கு. ராஜா பரம்பரை போனால் போகட்டும், சாமி வெள்ளைக்காரனாகவே இருக்கட்டும், காலனிக்காரனாக இல்லாமல் போனால் சரி. இவ்வளவுதான் இவர்கள் கேட்டது. இவ்வளவுக்குத்தானா இந்த வாளும் தலைப்பாகையும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது முன்வரிசையைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் அப்பாவின் தோளைத் தட்டிக் குலுக்கிச் சிரிக்கிறான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து இரண்டு கையையும் தூக்கினார். டயாலிசிஸுக்காக அறுத்துத் தைத்த இடது கையை வீசித் தட்டக் கூடாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு வலது கையால் மெதுவாகத் தட்டினார். ஒவ்வொன்றாக. எல்லாரும் செய்வதைச் செய்யச் சொன்னது நான்தான். என் அப்பா தன்னை இல்லை என்று நான் சொன்னதற்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"காசுல இருக்கிறதுதான் வேற எஸ்.சி.ங்க. நீங்க சொல்ற எஸ்.சி. நான். தலைவர் வீட்டுல கீழ்ப் போர்ஷன்ல குடியிருக்கேன். முன்வரிசையில கை தட்டுறவர் எங்க அப்பா, ஏகாம்பரம். அவரை யாரும் தட்டச் சொல்ல வேண்டாம்."

கைதட்டல் பின்வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. முன்னால் நின்றுவிட்டது. தோளைத் தட்டிக்கொண்டிருந்தவன் கையை எடுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தான். வீட்டுக்காரர் மரவாளை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "கண்ணு" என்று ரத்தினாக்கா என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

தாம்பாளத்திலிருந்து காசை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அரசாங்கச் சொத்து என்றேன். யாரும் தடுக்கவில்லை. நான் தொட்டதை இனி எதற்கு என்று விட்டிருக்கலாம்.

அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். நடந்தே வந்தோம். ஆற்றுப் பாலத்தருகே மூச்சு வாங்க நின்றார்.

"ஏம்மா, இத்த மொதல்லயே சொல்லியிருந்தா இத்தினி நாளு நானு வாய மூடிக்கினு கெடந்திருக்க வேணாமே?"

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். கொஞ்சம் உப்புப் போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தாசில்தாரிடம் காசையும் கடிதத்தையும் ஒப்படைத்தேன். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்டார். நடைமுறை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். இந்த முறை வாசலுக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கியவர்போல் நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஆச்சரியம். பெரிய துக்கம் இருந்தது.

"வேற ஒண்ணும் இல்லீங்க. பையனுக்குக் கல்யாணம் பண்ணலாம்னு இருக்கறோம். கீழ்ப் போர்ஷன் வேணும்."

பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

"ஆடி மாசம் யாரும் வீடு மாத்த மாட்டாங்க. சாஸ்திரம் ஒத்துக்காது. ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்துப் போய்க்குங்க."

எங்களை வெளியே தள்ளுவதற்கும் நல்ல நாள் பார்க்கிறார். சாஸ்திரத்தில் மனிதர் அவ்வளவு சுத்தம். போகும்போது திரும்பி, "அப்பா இளநீ குடிச்சாரு, அப்பக்கூடச் சொல்லலியேங்க" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. துரோகம் செய்யப்பட்டவர் அவர்தான் என்று மனதார நம்புகிறார். உள்ளேயிருந்து அப்பா உரக்கச் சொன்னார்: "குடிக்கலீங்க, செடிக்கு ஊத்திட்டேன்!"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் தேதி. காலையிலிருந்து வீடு தேடினோம். வேண்டாம் என்று சொல்லியும் அப்பா ஆட்டோவில் கூடவே வந்தார். முதல் வீட்டில் அந்த மனிதர் "எந்த ஊருங்க நீங்க, குல..." என்று ஆரம்பித்தார். அப்பா முடிக்க விடவில்லை. "எஸ்.சி.ங்க. அரக்கோணம், ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட காலனி. வீடு இருக்குதா?" என்றார். வீடு நேற்றுத்தான் போனதாம். அடுத்த வீட்டில் சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். இன்னொரு வீட்டில் ஆட்டோ நிற்கும் முன்பே வாசலில் தொங்கிய 'வாடகைக்கு' அட்டையை எடுத்து உள்ளே வைத்தார்கள். நம்மூரில் செய்தி தண்ணீரைவிட வேகமாகப் போகும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆட்டோவில் கடைசிவரை அந்த மூன்று வீட்டையும் திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா மட்டும் வெளியே வேடிக்கை பார்த்தபடி என்னவோ பாட்டு முனகிக்கொண்டு வந்தார்.

ஊருக்கு வெளியே, மில்லைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் ஒரு அம்மா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். அப்பா தன் வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். நான் ஆட்டோவில் ஏறத் திரும்பிவிட்டேன்.

"வெய்யக் காலத்துல பைப்புல தண்ணி ஏறாதுங்க. கொடத்துலதான் புடிக்கோணும். உங்களுக்குப் பரவால்லீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்றேன்.